நாலு பாட்டுள்ள கசெற்

அம்மா வீட்டில் நிற்கும் நேரங்களில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' கசெற்றில் நாலு பாட்டுத்தான் இருந்தது. உண்மையில் அதில் ஏழு பாட்டு. மிச்ச மூன்றும் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதை. எனக்கே அது முழுசா விளங்கினது 2025 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன நேரம்தான்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் 2002இல் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போறன். அந்தப் படம் 2002 பெப்ரவரி 14 வெளிவந்தது. சரியாக எட்டு நாள் கழிச்சு, பெப்ரவரி 22, அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதுவரைக்கும் கப்பலிலும் பிளேனிலும் மட்டும் வந்துகொண்டிருந்த சாமான் லொறியில் வரத் தொடங்கியது. எங்களுக்கு அப்பிள் பழமும் புதுப்பட கசெற்றும் ஒரே காலத்தில்தான் மலிவாக வந்தது என்று நினைக்கிறன்.

எனக்கு அப்ப பதின்மூன்று வயசு. அண்ணாவுக்குப் பதினேழு. ரியூசன் காசில் மிச்சம் பிடிச்சு அவன் ஒரு வெறும் கசெற் வாங்கி, சந்தியில் இருந்த றெக்கோடிங் பாரில் குடுத்துப் பாட்டு அடிச்சுக்கொண்டு வந்தான். அறுபது நிமிசக் கசெற். ஒரு பக்கம் முப்பது நிமிசம். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு வடிவாக அடங்கியது. மற்றப் பக்கத்தில் மிச்சம் இரண்டு. அதுக்குப் பிறகும் இடம் கிடந்ததால் கடைக்காரர் தன்ரை விருப்பத்துக்கு 'மின்னலே' பாட்டுகளைப் போட்டு நிரப்பி விட்டிருந்தார். வெறும் நாடாவோடு கசெற்றைக் குடுக்கிறது அந்தக் கடைகளுக்கு மரியாதைக் குறைவு போல.

முதல் பக்கம் எனக்கு இப்பவும் பாடம். முதலாவது 'வெள்ளைப் பூக்கள்', ரஹ்மானே பாடியது. பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை, ஆரோ விடியக்காலையில் எழும்பி, மற்ற ஆக்களை எழுப்பாமல் முணுமுணுக்கிற மாதிரி ஒரு குரல். இரண்டாவது 'சுந்தரி', வீட்டுக்குள் ஓடிப்பிடிச்சு விளையாடுகிற பாட்டு. மூன்றாவது படத்தின் பெயரைக் கொண்ட பாட்டு, பெண் குரல் முன்னுக்கு வருகிற வடிவம். சின்மயி சினிமாவில் பாடின முதல் பாட்டு அது. கூட ஜெயச்சந்திரன். நாலாவது 'சிக்னோரே', அர்த்தம் ஒன்றும் விளங்காமலே நானும் அண்ணாவும் விறாந்தையில் ஆடினது. ஐந்தாவது 'விடை கொடு எங்கள் நாடே'.

ஐந்தாவது பாட்டு தொடங்க அம்மா வருவா. குசினியில் நின்றால் குசினியிலிருந்து, கிணற்றடியில் நின்றால் ஈரக் கையோடு. வந்து ஸ்டொப் பட்டனை அமத்தி, கசெற்றை எடுத்து, மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போவா. ஒன்றும் சொல்லமாட்டா. பேச்சும் இல்லை.

கசெற் பாவிச்ச ஆக்களுக்கு இது தெரியும்: நாடாவை ஒரு பக்கத்தின் முக்கால்வாசியில் திருப்பினால், மற்றப் பக்கம் தொடக்கத்திலிருந்து வராது. கால்வாசி கடந்த இடத்தில்தான் தொடங்கும். அதனால் அம்மா திருப்பிப் போட்டால் நேராக 'மின்னலே'தான். மற்றப் பக்கத்தின் முதல் இரண்டு பாட்டும், அதாவது ஜெயச்சந்திரன் முன்னுக்கு நின்று பாடுகிற வடிவமும், மின்மினி பாடின அந்தச் சின்னப் பாட்டும், அடிபட்டுப் போகும். ஒரு பாட்டைக் கேட்கக்கூடாது என்று அம்மா திருப்பினதில் மூன்று பாட்டுப் போனது இப்படித்தான்.

அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். அம்மா கோயிலுக்கோ சந்தைக்கோ வெளிக்கிட்டதும் அதைத்தான் முதலில் போடுவேன். அது என்ன பாட்டு என்று படம் பார்க்க முதலே எங்களுக்குத் தெரியும். சனம் ஊரைவிட்டு வெளிக்கிடுகிற பாட்டு. எங்களைப் பற்றின பாட்டு. பக்கத்து வீட்டில் படம் போட்டபோது, ஒரு இந்தியத் தமிழ்ப் படத்தில், பெரிய ஆக்கள் எடுத்த படத்தில், மாங்குளம் என்ற பெயர் வந்ததைக் கேட்டு எனக்கு மயிர் கூச்செறிந்தது. படத்தில் வாற ஆக்கள் எங்கட தமிழைக் கதைச்ச விதத்தை நினைச்சு அடுத்தநாள் வகுப்பில் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனால் அந்தப் பாட்டை மட்டும் ஆரும் பகிடி பண்ணவில்லை. கூட்டமாகக் குரல்கள் எழும்புகிற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கூடப் பாடுவேன். எனக்கு அழுகை வரவில்லை. பெருமையாக இருந்தது. பதின்மூன்று வயசில் துயரத்துக்கும் பெருமைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

இத்தனைக்கும் நானும் இடம்பெயர்ந்தவள்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு எனக்கு ஆறு வயசு. கோண்டாவிலிலிருந்து வெளிக்கிட்டு, செம்மணியால் போய், நாவற்குழிப் பாலம் தாண்டி, கடைசியில் கொடிகாமத்தில் போய் நின்றோம். என்னிடம் இருக்கிறது ஆறு வயசுப் பிள்ளையின் ஞாபகங்கள்தான். மழை. அப்பாவின் சைக்கிள் பாரில் துவாயை மடிச்சுப் போட்டு அதில் நான். முன்னுக்கும் பின்னுக்கும் சனம். ஒரு அடி வைக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் பிடிச்ச மாதிரி. எனக்கு மூத்திரம் முட்டினது. அண்ணா பொலித்தீன் பையில் தன்ரை முத்திரை அல்பத்தைச் சுத்தி சேட்டுக்குள் வைச்சிருந்தது. அவ்வளவுதான். அதனால் அந்தப் பாட்டில் வருகிற பிரிவு எனக்கு ஏதோ வேறை ஆக்களின் பெரிய கதை மாதிரித்தான் இருந்தது.

அம்மா ஏன் நிப்பாட்டுகிறா என்று அண்ணாவிடம் ஒருநாள் கேட்டன். "அவவுக்குச் சோகப்பாட்டுப் பிடிக்காது, விடு" என்றான். அதையே நானும் நம்பினன். பிறகு 2006 ஓகஸ்ற்றில் பாதை திரும்பப் பூட்டினது. அண்ணா கொழும்புக்குக் கப்பலில் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போயிட்டான். கசெற் கேட்கிற காலமும் முடிஞ்சுது. அந்தக் கசெற்றின் நாடா ஒருநாள் ரேப் றெக்கோடருக்குள் சிக்கி, பென்சில் விட்டுச் சுத்தியும் சரிவராமல், எங்கேயோ போட்டுவிட்டோம்.

இனி 2025க்கு வாறன். 2025 ஜனவரி 9 பாடகர் ஜெயச்சந்திரன் காலமானார். அடுத்த சில நாள் போனைத் திறந்தால் அவற்றை பாட்டுத்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போக வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினபோது, இந்த அல்பத்தை முழுசாகக் கேட்பம் என்று முடிவெடுத்தன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், ஒன்றையும் தள்ளாமல். இருபத்திரண்டு வருசத்தில் நான் அப்படிக் கேட்டதே இல்லை.

வளர்ந்த காதுக்கு இந்த அல்பம் எப்படி இருக்குது என்று உண்மையைச் சொன்னால், நான் பயந்த அளவுக்குப் பழசாகவில்லை. 'வெள்ளைப் பூக்கள்' இப்ப இன்னும் நல்லாக இருக்குது. போர்நிறுத்தக் காலத்தில் அதைக் கேட்கும்போது ஏதோ வரப்போகிற ஒன்றைச் சொல்கிற மாதிரி இருந்தது. வராமல் போனதற்குப் பிறகு கேட்கும்போது அதில் உள்ள தயக்கம் கேட்குது. அந்தத் தயக்கம் அப்பவும் அதில் இருந்திருக்க வேணும், நாங்கள்தான் கவனிக்கவில்லை. 'சுந்தரி' இன்னும் துள்ளுது. 'சிக்னோரே'யை ஆறுதலாக இருந்து கேட்க முடியவில்லை. அது விறாந்தையில் ஆடுறதுக்கு உள்ள பாட்டு, அது அங்கேயே இருக்கட்டும். படத்தின் பெயர் பாரதியின் கண்ணம்மா பாட்டிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லித் தந்தவ. அந்தப் பெயர்கொண்ட பாட்டின் இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் ஒன்று தெரியுது: வளர்த்த பிள்ளையைப் பற்றி ஒரு வீட்டில் இரண்டு பேர் வேறை வேறை மாதிரி யோசிக்கினம். பெண் குரலில் பிள்ளை கையைவிட்டுப் போயிடுமோ என்ற பதட்டம் இருக்குது. ஜெயச்சந்திரனின் குரலில் பதட்டம் இல்லை, ஏற்கெனவே எல்லாத்தையும் ஏற்றுக்கொண்ட ஒரு மனுசன். இந்த இரண்டாவது வடிவம் எனக்கு அன்றைக்குத்தான் கிட்டத்தட்டப் புதுசு. இந்த அல்பத்துக்காக ரஹ்மானுக்குச் சிறந்த இசையமைப்புக்கும் வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலுக்கும் இந்தியத் தேசிய விருது கிடைச்சது. அது சும்மா கிடைக்கவில்லை.

ஆனால் ஐந்தாவது பாட்டில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. பஸ் அப்ப வவுனியா தாண்டி, மாங்குளம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. விடியச் சாமம். வெளியில் ஒன்றும் தெரியாது, இடைக்கிடை ஒரு கடையின் லைற். பதின்மூன்று வயசில் கூடப் பாடின பாட்டு எனக்கு இப்ப அந்நியமாக இருந்தது. வரிகள் எல்லாம் வடிவு. ஆனால் அவ்வளவு வடிவாக, அவ்வளவு ஆறுதலாக, மண்ணைப் பார்த்து ஆர் பேசினது? எங்களுக்குத் திரும்பிப் பார்க்கவே நேரம் இருக்கவில்லையே. இது எங்களைப் பற்றின பாட்டுத்தான், ஆனால் எங்களைத் தூரத்திலிருந்து பார்த்து, எங்களுக்காக அழுத ஆக்களின் பாட்டு. அதில் பிழை ஒன்றும் இல்லை. அப்படி அழவும் அப்ப எத்தனை பேர் இருந்தவை? அதுக்குள் ஒரு குரல் மட்டும் வேறை மாதிரி இருந்தது. எம்.எஸ். விஸ்வநாதன். அப்ப அவருக்கு எழுபத்து மூன்று வயசு. மற்றக் குரல்கள் பாடுது, அந்தக் குரல் பாடவில்லை. வயசுபோன ஒரு ஆள் படலையடியில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போய், பொங்கல் எல்லாம் முடிஞ்சு, பின்னேரம் அம்மாவோடு விறாந்தையில் இருந்தபோது கேட்டன். "அம்மா, உங்களுக்கு ஞாபகமே, அண்ணா கொண்டுவந்த கசெற். ஒரு பாட்டு வரேக்கை எப்பவும் நிப்பாட்டுவீங்கள். ஏன்?"

அம்மா மறந்திருப்பா என்றுதான் நினைச்சன்.

"அது விஸ்வநாதன்ரை குரல் எல்லோ," என்றா.

அதுக்குப் பிறகு அவ சொன்னதை நான் என் பாசையில் திருத்தாமல் எழுதப் பார்க்கிறன்.

அம்மப்பாவுக்கு விஸ்வநாதன் என்றால் உயிர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். எங்கட வீட்டில் சுத்துறது அண்ணா, கேட்கிறது அம்மப்பா. செய்தி முடிஞ்சு பழைய பாட்டுப் போனால், "இன்னும் கொஞ்சம் சுத்தடா மோனை" என்று கேட்பாராம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு என்றால் அண்ணாவுக்குக் கை நோவும் வரைக்கும் விடமாட்டாராம்.

"அண்டைக்கு ஒலிபெருக்கியிலை சொல்லிக்கொண்டு போறாங்கள், எல்லாரும் வெளிக்கிடட்டாம் எண்டு. அப்பு வரேல்லை எண்டுட்டார். மாட்டை ஆர் பாக்கிறது, ரெண்டு நாளிலை நீங்கள் வந்துடுவியள்தானே எண்டார். நாங்களும் அப்படித்தான் நினைச்சம். சாமான் கட்டி, உன்னைச் சைக்கிளிலை ஏத்தி, மழையும் தொடங்கிட்டுது. சனம் றோட்டாலை போய்க்கொண்டே இருக்குது. கொப்பர் கத்துறார், வா வா எண்டு. அப்பு பின்னுக்கு மாட்டடியிலை நிண்டவர். போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை, பிள்ளை. ரெண்டு நாளிலை வரப்போறம் எண்டு போட்டு, சொல்லாமல் வெளிக்கிட்டுட்டன்."

எங்கட ஊரில் ஆரும் 'போறன்' என்று சொல்லமாட்டினம். கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்'தான். திரும்பி வருவன் என்ற வாக்கு அதுக்குள் இருக்குது. அம்மா அதைச் சொல்லாமல் படலையைத் தாண்டினா. 1996 ஏப்ரலில் சனத்தோடு சனமாகத் திரும்பிப் போனபோது, எங்கட ஒழுங்கையில் மிஞ்சி நின்ற ஒரு வயசான ஆச்சிதான் சொன்னவ. மார்கழியில் அம்மப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததாம். பார்க்க டொக்டர் ஒருவரும் இல்லை. மிச்சமிருந்த வயசானதுகள் நாலு பேர் சேர்ந்து பின்வளவில் தாட்டவையாம். அம்மப்பா இடப்பெயர்வில் செத்தவர் என்பது எனக்குச் சின்னனிலேயே தெரியும். அவ்வளவுதான் தெரியும். மாட்டடியும் மழையும் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

"அந்தப் பாட்டிலை எல்லாரும் விடை கேட்கினம். நான் கேட்கேல்லையே," என்றா அம்மா. "அதுவும் அப்புக்குப் பிடிச்ச மனுசன் பாடுறார். நான் எப்பிடிக் கேட்டுக்கொண்டு இருக்கிறது? உங்களுக்குச் சொல்லவும் ஏலாது. நீங்கள் சின்னப் பிள்ளையள், ஆசையாய்க் கேட்கிறியள். அதுதான் திருப்பிப் போட்டனான்."

எனக்கு என்ன சொல்கிறதென்று தெரியவில்லை. நான் அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடின வீடு அது. பின்வளவு இருபது அடி தள்ளி.

பிடிச்ச அல்பத்தைத் திரும்பக் கேட்கிறது என்றால் பழைய என்னைத் திரும்பச் சந்திக்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். அந்த வயசு, அந்த விறாந்தை, அந்த ஆட்டம். ஆனால் ஒரு வீட்டில் பாட்டுப் போட்டால் அதைப் போட்ட ஆள் மட்டும் கேட்பதில்லை. குசினிக்குள் நிற்கிற ஆளும் கேட்குது, கிணற்றடியில் நிற்கிற ஆளும் கேட்குது. அவைக்கு அது வேறை பாட்டு. நாங்கள் இளமைக்காலத்து இசை என்று கொண்டாடுகிறது எங்கட அம்மா அப்பாவின் நடுவயசு இசையும்தான். போரிலிருந்து நிமிர்ந்து, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஒன்றும் சொல்லாமல் சோறு காய்ச்சின வயசு. இப்ப எல்லாரும் காதுக்குள் செருகிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறம். ஆர் எந்தப் பாட்டைத் தள்ளினம் என்று பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் தெரியாது. உங்கட வீட்டிலும் ஆராவது ஒரு பாட்டு வரும்போது றேடியோவைக் குறைச்சிருப்பினம், சனலை மாத்தியிருப்பினம். கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சொல்லமாட்டினம். சில பேர் நீங்கள் கேட்கட்டும் என்று இருபது வருசமாக இருக்கினம்.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா, "எங்கை, போடு பாப்பம்," என்றா.

"வேண்டாம் அம்மா."

"போடு."

போனில் போட்டன். அம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. விஸ்வநாதனின் குரல் வந்த இடத்தில் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைச்சா. நான் நிப்பாட்டக் கை கொண்டுபோனன், தலையாட்டினா, வேண்டாம் என்று. பாட்டு முழுசாக ஓடி முடிஞ்சுது. நான் போனை எடுக்க முதல் அடுத்த பாட்டுத் தானாகத் தொடங்கியது. ஜெயச்சந்திரன்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டா.

"இது நல்லாக் கிடக்கே. அந்தக் கசெற்றிலை இது இருக்கேல்லையோ?"

"இருந்தது அம்மா. நீங்கள்தான் திருப்பித் திருப்பிப் போட்டீங்கள்."

அம்மா சிரிச்சா. "அப்ப இதைத் திரும்பப் போடு," என்றா.